மூலையில் தொடங்கும் ஆட்டம்



சீனத்தில் வெய்ச்சி என்றும் கொரியாவில் பாதுக் என்றும் ஜப்பானில் இகோ என்றும் வழங்கும் பலகை ஆட்டத்தை உலகம் 'கோ' என்னும் பெயரால் அறியும். நெடுக்கே 19 கோடுகள், குறுக்கே 19 கோடுகள்; அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகளே களம். கறுப்பு முதலில் வைக்கும், வெள்ளை தொடரும். வைத்த கல் இடம் பெயர்வதில்லை. சதுரங்கத்தில் உள்ளதுபோல் இங்கு அரசனும் இல்லை, மந்திரியும் இல்லை. எல்லாக் கல்லும் ஒரே கல். அது நிற்கும் இடந்தான் அதற்கு மதிப்பைத் தருகிறது. சொல்லை இடமறிந்து வைப்பதற்கே வாழ்நாளைச் செலவிடுவோர் கூடிய அவையில் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆட்டம் மூலையில் தொடங்குவதற்குக் காரணம் எளிய கணக்கு. ஒன்பது புள்ளிகள் கொண்ட சதுர நிலத்தைப் பலகையின் நடுவில் வளைக்க 12 கற்கள் வேண்டும். ஓரத்தில் 9 போதும். மூலையில் இரு விளிம்புகளும் மதிலாக நின்று உதவுவதால் 6 கற்களே போதும். ஆதலின் முதலில் மூலை, பிறகு ஓரம், கடைசியில் நடு என்பது தொன்றுதொட்ட நெறி.

ஒரு மூலையில் இருவர் எதிர்ப்படும்போது, இருவருக்கும் இழப்பின்றி முடியும் கல்வரிசைகளைப் பல தலைமுறையினர் தேர்ந்து வைத்துள்ளனர். ஜப்பானியர் இவற்றை ஜோசெகி என்பர். பெரும்பாலும் ஒருவர் மூலை நிலத்தைப் பெறுவார். மற்றவர் நடுவை நோக்கிய மதிலைப் பெறுவார். நிலம் கையிருப்பு. மதிலோ இனி வரும் போருக்கான வலிமை. தொடங்கிச் சில திங்களே ஆன மாணவன் இவ்வரிசைகளை ஆர்வத்தோடு மனப்பாடம் செய்கிறான். ஜோசெகியை உருப்போட்டவன் இரண்டு கல் அளவு வலிமை குறைகிறான் என்று ஆட்டக்காரர்களிடையே வழங்கும் பழமொழி அவனைக் குறித்ததே.

பழமொழியின் காரணத்தை ஏணி என்னும் துரத்தல் விளக்கும். முற்றுகைக்குள்ளான கல் தப்ப முயல, துரத்துபவர் படிப்படியாக மறித்துக்கொண்டே செல்ல, இரு நிறக் கற்களும் பலகையின் குறுக்கே ஏணிபோல் நீளும். ஓடுபவரின் கல் ஒன்று வழியில் முன்னரே நின்றால் துரத்தல் முறியும். துரத்தியவரின் நிலை சிதறும். இந்த மூலையின் வரிசை சரியா, பிழையா என்பதை எதிர்மூலையில் கிடக்கும் ஒற்றைக்கல் தீர்மானிக்கிறது! வரிசையை மட்டும் மனனம் செய்தவன் அக்கல்லைக் காண்பதில்லை. எதிராளி வரிசையை மீறும்போதும் அவன் திகைக்கிறான். ஏட்டில் உள்ள கல் அங்கே ஏன் வந்தது என்று கேளாதவனால், வாராத கல்லின் குறையைப் பயன்கொள்ள இயலாது.

இந்த 'ஏன்' என்னும் கேள்வியை அடிவரை கேட்டவர்கள் இருவர். ஒருவர் கிதானி மினோரு. மற்றவர், 1928இல் 14 வயதில் சீனத்திலிருந்து ஜப்பான் வந்த கோ செய்கென். மூலையில் மூன்றாம் கோடும் நான்காம் கோடும் கூடும் புள்ளியில் தொடங்குவதே அக்காலத்து வழக்கு. அங்கே மூலையைக் காக்க இன்னொரு கல் வேண்டும். மூன்றும் மூன்றும், அல்லது நான்கும் நான்கும் கூடும் புள்ளியிலோ ஒரே கல்லோடு மூலையை விட்டு அகலலாம், விரைவு கிட்டும். 1933இல் அவ்விருவரும் இதனை ஆய்ந்து, புதிய தொடக்கம் என்று பெயர்பெற்ற முறையை வகுத்தனர்.

அதே ஆண்டு அக்டோபரில் கோ செய்கென், ஹோனின்போ மரபின் தலைவர் ஷூசாயின் எதிரே அமர்ந்தார். முதற்கல்லை மூன்று-மூன்றில் வைத்தார். அம்மரபினர் விலக்கிவைத்த புள்ளி அது. அதுவும் மரபின் தலைவர் முன்னிலையில்! அடுத்த கல் எதிர்மூலையில் நான்கு-நான்கு. மூன்றாவது பலகையின் நட்டநடுவே. இதனை அவமதிப்பென்று சினந்தவர் உண்டு. ஆட்டம் 1934 ஜனவரியில் முடிந்தது. இரண்டு புள்ளியில் ஷூசாயே வென்றார். பழமையைத் தூக்கி எறிந்த புரட்சியென்று இதனை வருணிப்பது மிகை. பழைய வரிசைகளை முற்றக் கற்றவர்களே அவற்றைக் கேள்விக்குள்ளாக்கினர். பின்னாளில் பழையதும் புதியதும் கலந்தே ஆடினர்.

இரண்டாவது அதிர்ச்சி 2016 மார்ச்சில் சோல் நகரில் நேர்ந்தது. ஆல்ஃபாகோ என்னும் கணினி நிரல் கொரிய வீரர் லீ செடோலை 4-1 என வென்றது. அடுத்த குளிர்காலத்தில் அதன் மேம்பட்ட வடிவம் முன்னணி வீரர்களோடு இணையத்தில் ஆடிய 60 ஆட்டங்களிலும் தோல்வி காணவில்லை. நான்கு-நான்கில் நிற்கும் கல்லின் கீழே மூன்று-மூன்றில் தொடக்கத்திலேயே நுழைவது தகாது, எதிரிக்கு வலிய மதிலைக் கட்டித்தருவதாகும் என்றே ஆசிரியர்கள் கற்பித்து வந்தனர். நிரலோ தயங்காது நுழைந்தது.

ஆசிரியர்கள் அறியாதவர்களா? அல்லர். பழைய வரிசையில் நுழைந்தவர் இறுதியில் இரண்டாம் கோட்டில் இரு கற்களைச் சேர்ப்பார். எதிரி மதிலின் இடைவெளியை அடைத்துக்கொள்வார். நிரல் அவ்விரு கற்களை வையாது வேறிடம் சென்றது. மதில் ஓட்டையோடு நின்றது. பழைய வரிசைக்குப் பழைய தீர்ப்பு பொருந்தியதே. வரிசையின் கடைசி இரு கற்கள் தேவைதானா என்று மட்டும் பெரும்பாலோர் வினவவில்லை.

இதற்கு மறுதலையாகவும் ஒன்று நிகழ்ந்தது. 1849 முதல் 1861 வரை அரண்மனை ஆட்டங்களில் 19 முறை தோல்வியின்றி வென்ற ஷூசாக்கு, மூலையை அணுகும் வெள்ளைக்கு மறுமொழியாகக் கறுப்பை மூலைவிட்டமாக ஒரு புள்ளி நகர்த்தி வைப்பார். அந்நாளில் முதலில் ஆடும் கறுப்பு ஈட்டுப் புள்ளி எதுவும் தரவேண்டியதில்லை. நிதானம் அதற்குப் போதுமாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் வெள்ளைக்கு ஈடு வழங்கும் முறை வந்தது. ஜப்பானில் இன்று அது ஆறரைப் புள்ளி. ஈடு வந்ததும் அந்தக் கல் மந்தமானதென்று ஒதுக்கப்பட்டது. இன்றைய நிரல்களோ, அதே ஈட்டைக் கணக்கில் கொண்டும், அதனை நல்ல கல்லென்றே மதிப்பிடுகின்றன. தொழில்முறை ஆட்டங்களில் அது மீண்டும் வைக்கப்படுகிறது.