புரட்டிப் படுக்கவைக்கும் கலை

புது மருந்து கண்டுபிடித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். முதன்முதலாக இதயம் மாற்றிவைத்தவரின் பெயரும் தெரியும். அசைய முடியாத ஒரு நோயாளியை எப்படிப் படுக்கவைப்பது, எத்தனை மணிக்கொரு தரம் புரட்டுவது என்று வருடக்கணக்கில் ஆராய்ந்த செவிலியர்களின் பெயர் மட்டும் தெரியாது. இன்று அவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதற்குப் படுக்கைப்புண் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் முறை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பக்கவாதம் வந்தவர், தண்டுவடம் அடிபட்டவர், இடுப்பெலும்பு முறிந்த முதியவர் என்று தானாகப் புரள முடியாத எவருக்கும் இந்தப் புண் வரலாம். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் போன்ற புடைத்த இடங்களில் உடம்பின் பாரம் இறங்குகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, மெல்லிய இரத்தக் குழாய்கள் அடைபட்டுப்போகின்றன. தூக்கத்திலேயே நாம் புரண்டுகொள்வதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. புரள முடியாதவருக்கோ, மேல்தோல் கன்றித் தெரியும்போதே உள்ளே சதை செத்திருக்கக்கூடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைப் பற்றி இரண்டு கருத்துகள் இருந்தன. பாரிஸின் பெரிய நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, நரம்பு சேதமானால் புண் வந்தே தீரும், அது சாவு நெருங்குவதன் அடையாளம் என்று நினைத்தார். அவருக்கு முன்பே, 1850களில், பிரௌன் செக்கார் என்ற மருத்துவர் கால் செயலிழந்த சீமைப்பெருச்சாளிகளை அழுத்தமும் ஈரமும் படாமல் வைத்துப் பார்த்தால் புண் வருவதில்லை என்று சோதித்துக் காட்டியிருந்தார். ஆனாலும் ஷார்கோவின் பேச்சுக்கே செல்வாக்கு இருந்தது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859 இறுதியில் வெளியிட்ட செவிலியர் பணி பற்றிய சிறு நூலில், படுக்கைப்புண்ணுக்குப் பெரும்பாலும் நோயைக் குறை சொல்லக் கூடாது, பராமரிப்பைத்தான் சொல்ல வேண்டும் என்று எழுதினார். அவர் சொன்னது சரியான திசை. ஆனால் அந்தச் சொல், சரியான வழி எது என்று யாருக்கும் தெரியாத காலத்தில், நூறு வருடம் செவிலியர்களின் தலையில் பழியாக உட்கார்ந்திருந்தது. ஒரு வார்டில் நோயாளிக்குப் புண் வந்தால் அங்கே வேலை செய்த பெண்களுக்கு அவமானம். ஏன் வந்தது என்று அளந்து பார்க்க யாரும் இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் அடிபட்ட படைவீரர்களுக்கென ஒரு பிரிவு திறந்தார்கள். லுட்விக் குட்மன் அதன் தலைவர். அதற்கு முன்பு அப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தார்கள். இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கொரு முறை ஒவ்வொருவரையும் புரட்ட வேண்டும் என்று குட்மன் கட்டளையிட்டார். பிழைக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்தார்கள். 1948இல் அதே மருத்துவமனை மைதானத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தார்கள். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் அது. குட்மனின் பெயரை உலகம் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அந்த உடம்புகளைத் தூக்கிப் புரட்டிய கைகளையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து வந்த டோரீன் நார்ட்டனைத்தான் நான் எல்லோருக்கும் மேலாக வைக்கிறேன். அவர் ஒரு செவிலியர். லண்டனில் முதியோர் வார்டுகளில் நோயாளிகளுக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆராய்ந்து, 1962இல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் புண் வராமல் இருக்க வார்டுக்கு ஒரு வைத்தியம் இருந்தது. ஒரு சிஸ்டர் ஸ்பிரிட் தேய்க்கச் சொல்வார், இன்னொருவர் சோப்பும் தண்ணீரும் என்பார், வேறொருவர் துத்தநாகக் களிம்பு. புண் வந்துவிட்டால் முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவி ஆக்சிஜன் ஊதிக் காயவைக்கும் வழக்கம்கூட இருந்தது. ஒவ்வொன்றும் மூத்த சிஸ்டரிடமிருந்து இளைய சிஸ்டருக்கு நம்பிக்கையோடு கைமாறியது. நார்ட்டன் குழு எண்ணிப் பார்த்தது. எந்தப் பூச்சாலும் சொல்லும்படியான பலன் இல்லை. பலன் தந்தது ஒன்றுதான்: நோயாளியைத் தவறாமல் புரட்டிப் படுக்கவைப்பது. அதோடு, புண்கள் பெரும்பாலும் நோயாளி வார்டில் சேர்ந்த முதல் இரண்டு வாரங்களிலேயே வந்துவிடுகின்றன என்பதையும் கண்டார்கள்.

அங்கிருந்து பிறந்ததுதான் நார்ட்டன் அளவுகோல். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண். மொத்தம் 20. பதினான்கோ அதற்குக் கீழோ வந்தால் அந்த நோயாளிக்கு ஆபத்து. பேனாவும் தாளும் போதும், வேறு கருவி வேண்டாம். புண் வந்த பிறகு யார் தப்பு என்று கேட்டுக்கொண்டிருந்த வார்டில், யாருக்கு வரப்போகிறது என்று முன்கூட்டியே கேட்க முடிந்தது. என் பார்வையில் செவிலியர் பணி தன் சொந்தக் கண்ணால் பார்க்கத் தொடங்கிய இடம் இதுதான். பத்து வருடம் கழித்து, 1972இல், பிரிட்டனின் பிரிக்ஸ் குழு, செவிலியர் தொழில் ஆராய்ச்சியின் மேல் நிற்க வேண்டும் என்று அரசுக்கே பரிந்துரைத்தது.

1978இல் இன்னொரு பழக்கம் அடிபட்டது. நம் ஊர்ப் பயிற்சிப் பள்ளிகளிலும் முதுகுப் பராமரிப்பு என்றால் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுச் சிவந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிடுவதுதான். இறந்தவர்களின் திசுக்களைப் பரிசோதித்த டைசன் என்ற ஆய்வாளர், அப்படித் தேய்க்கப்பட்ட இடங்களில் சதை இன்னும் மோசமாகக் கெட்டிருப்பதைக் காட்டினார். அன்போடு செய்த காரியம் கெடுதலாக முடிந்திருக்கிறது. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தின் கதையும் அதேதான். ஓட்டையைச் சுற்றியுள்ள இடத்தில் அழுத்தம் கூடி, நடுவிலுள்ள சதைக்கு இரத்தம் போவது குறைகிறது. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பதும் பலன் தருவதில்லை. இவை மூன்றையும் இன்றைய வழிகாட்டு நெறிகள் வேண்டாம் என்கின்றன. நம்மிடம் மூன்றும் இன்னும் இருக்கின்றன.

அமெரிக்காவில் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரு செவிலிய ஆய்வாளர்கள் 1987இல் இன்னொரு அளவுகோலை வெளியிட்டார்கள். உணவு, தோலின் ஈரம், இழுக்கும்போது ஏற்படும் உராய்வு ஆகியவை அதில் சேர்ந்தன. நம் மருத்துவமனைகளில் இன்று அதிகம் நிரப்பப்படுவது இந்தப் பிரேடன் படிவம்தான். அதே பெர்க்ஸ்ட்ராம் 2013இல் செய்த காரியம் என்னை வியக்கவைக்கிறது. அமெரிக்கா, கனடா நாடுகளின் முதியோர் இல்லங்களில் 942 பேரை இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி என்று மூன்று விதமாகப் புரட்டிப் பார்த்தது அவர் குழு. புண் வருவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வேதவாக்காக இருந்த இரண்டு மணிக் கணக்கைச் செவிலியர்களே சோதனைக்கு உள்ளாக்கினார்கள். ஒரு முதியவர் இரவில் நான்கு மணி நேரம் கலையாமல் தூங்குவதும் பராமரிப்பில் ஒரு பகுதி என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அங்கே இருந்தவை அடர்த்தியான நுரை மெத்தைகள் என்பதை மறக்கக் கூடாது. நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தைக்கு அந்த முடிவு பொருந்தாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் புண் ஏன் வருகிறது? புரட்ட ஆள் வேண்டும். லிண்டா எய்க்கன் தலைமையில் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999இலேயே சட்டம் இயற்றிய கலிஃபோர்னியா, 2004 முதல் அதை நடைமுறைப்படுத்துகிறது. இந்தியச் செவிலியர் கவுன்சிலின் நெறியும் பொது வார்டில் போதனா மருத்துவமனையானால் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்றவற்றில் ஐந்துக்கு ஒருவர் என்கிறது. நைட் டியூட்டி நேரத்தில் ஒரு பெரிய வார்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த நெறி எங்கே நிற்கிறது என்று தெரியும். ஆள் கொடுக்காமல் படிவத்தை மட்டும் கொடுத்து, புண் வந்ததும் சிஸ்டரிடம் விளக்கம் கேட்பது அநியாயம். நைட்டிங்கேல் காலத்துப் பழியை நாம் வேறு வடிவில் தொடர்கிறோம்.

நம் பக்கத்திலும் பெருமைப்பட ஒன்று உண்டு. 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். தண்டுவடம் அடிபட்டவர் மருத்துவமனையில் பிழைத்தால் மட்டும் போதாது, வீடு திரும்பி வாழவும் வேண்டும் என்பதற்காக எழுந்த இடம் அது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களின் வீட்டுக்கே செவிலியர் போவதையும் அதன் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் நேயர்கள் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகங்கள் தோல் சிவப்பதைக் கவனிக்கச் சொல்கின்றன. நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது முழுப் பக்கவாட்டில் வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, குதிகால் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்கவிடுங்கள். மேலே நகர்த்த வேண்டுமானால் அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். அடியில் விரித்த துணியின் இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். கன்றிய இடம் அழுத்தம் நீங்கியும் மாறாவிட்டால், தோல் கிழியும் வரை காத்திராமல் உங்கள் பகுதிச் செவிலியரை அழையுங்கள்.