கழற்றின போல்ட்டை மறுபடி மாட்டலாமா?



ஏற்காடு மலையிலே வாழவந்திப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு ஜீப்பு சொகுசு வண்டி அல்ல. மண்வெட்டி மாதிரி அதுவும் ஒரு கருவி. காப்பி மூட்டை, மிளகு, உரம், ஆட்கள் எல்லாம் அதிலேதான். சேலத்துச் சாலையில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள். காப்பிப் பழம் எடுக்கும் முன் வண்டியைப் பிரித்து வேலை பார்க்கும்போது எல்லோரும் கேட்பது இதுதான்: "பழைய போல்ட்டையே மாட்டிக்கலாமுங்களா, புதுசு வாங்கோணுமுங்களா?"

போல்ட்டு வெறும் ஆணி அல்ல. நட்டை முறுக்கும்போது அது மயிரிழை அளவு நீளுகிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிற அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் இறுக்கிப் பிடிக்கிறது. அளவோடு முறுக்கினது, கழற்றியதும் பழையபடி ஆகிவிடும், மறுபடி மாட்டலாம். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி ஏறி மிதித்தீர்களானால் அது நீண்டே போய்விடும். அப்புறம் பிடிப்பை நம்ப முடியாது.

தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் 8, ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுப்பு வரை அறாது என்பதைச் சொல்கிறது. அடுத்த 8, அந்த இழுப்பில் நூற்றுக்கு 80 பங்கைத் தாண்டினால் போல்ட்டு பழைய நீளத்துக்குத் திரும்பாது என்பதைச் சொல்கிறது. 10.9 இதைவிட உறுதியானது.

சென்ற ஆண்டு நான் ஏறிப்போன ஒரு ஜீப்பு, இறக்கத்தில் ஒரு பக்கமாகவே இழுத்தது. நிறுத்திக் குனிந்து பார்த்தால், பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டு தளர்ந்திருந்தது. பட்டை மாற்றியபோது பழையதையே மாட்டியிருக்கிறார்கள். அது தளர்ந்ததால் நடுவிலுள்ள சென்டர் போல்ட்டு அறுந்து, அச்சே நகர்ந்துவிட்டது. உள்ளே எட்டுப் பேர் இருந்தோம். அன்றைக்கு நடந்தே இறங்கினோம்.

ஆகவே யூ போல்ட்டைக் கழற்றினால் நட்டோடு புதிதாகவே போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். என்ஜினுக்குள் கனெக்டிங் ராடு போல்ட்டுக்கும் புதியதே நல்லது. அண்மைக்கால என்ஜின்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டு ஒரே தடவைக்கென்று செய்யப்பட்டது; வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். ஸ்டியரிங்கில் இருக்கும் ஸ்பிளிட் பின்னை மடக்கி நிமிர்த்தி மறுபடி போடவே கூடாது. நைலான் வளையம் வைத்த நட்டு, வளையம் இருக்கிற இடத்திலும் கையாலேயே சுழன்றால் அதன் வேலை முடிந்தது.

சக்கர போல்ட்டுக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். மரை சுத்தமாக இருந்தால் பல தடவை உதவும். நம் மலையிலே பனியும் மழையும் சேர்ந்து துருப் பிடிக்கும்; கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். எண்ணெய் மட்டும் பூசாதீர்கள். வழவழப்பில் அதே கைபலத்துக்கு போல்ட்டு கூடுதலாக நீண்டுவிடும். நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி பாருங்கள்.

சந்தேகமுள்ள போல்ட்டில் ஒரு புது நட்டைக் கையாலேயே மரை முழுக்க ஓட்டுங்கள். துரு இல்லாமலே நடுவில் சிக்கினால் நீண்டுவிட்டது என்று பொருள். இடையில் ஒடுங்கியிருந்தாலும் அப்படித்தான். சேலம் போகிறபோது பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளம், மரை, தலையிலுள்ள எண் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எண் இல்லாத மலிவு போல்ட்டு தோட்டத்துக் கேட்டுக்குப் போதும், ஜீப்புக்கு வேண்டாம்.