முதுகைப் பார்த்துக்கொள்ளும் கண்

(அறக்கட்டளையின் மாணவர் ஒன்றுகூடலில் செயலாளர் ஆற்றிய உரை)

 

போரைப் புகழ்ந்து பேச நாம் இங்கே கூடவில்லை. ஆனால் ஒரு போர் விமானி வீட்டு மேசையில் தீக்குச்சிகளை வைத்துப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. படிக்கிற பிள்ளைகள் அதை அறிந்துகொள்வது நல்லது.

1941ஆம் ஆண்டு. ஜப்பானியரின் ஜீரோ என்ற சண்டை விமானத்தைப் பற்றி அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச்சுக்கு ஓர் அறிக்கை கிடைத்தது. அவர்கள் ஓட்டிய வைல்ட்கேட்டைவிட ஜீரோ விரைவாக மேலே ஏறும், சட்டென்று திரும்பும். ஒற்றைக்கு ஒற்றை மோதினால் பிழைப்பது கடினம். கலிபோர்னியாவில் தம் வீட்டில், இரவு நேரங்களில், தாச் தீக்குச்சிகளை விமானங்களாக நினைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

கிடைத்த விடை இதுதான். இரண்டு ஜோடி விமானங்கள் இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாகப் பறக்கும். இடப்பக்கத்து ஜோடி வலப்பக்கத்து ஜோடியின் முதுகைப் பார்த்துக்கொள்ளும். அவர்கள் இவர்களுடைய முதுகை. எதிரி ஒருவரின் பின்னால் வந்துவிட்டால் மற்றவர் உடனே அவரை நோக்கித் திரும்புவார். அவர் திரும்பியதுமே இவருக்கு விளங்கிவிடும், நம் பின்னால் ஆள் இருக்கிறான் என்று. இவரும் அவரை நோக்கித் திரும்புவார். இருவரும் குறுக்கே கடக்கும்போது, துரத்தி வந்தவன் நண்பரின் துப்பாக்கிக்கு நேர் எதிரே வந்துவிடுவான். ரேடியோவில் ஒரு சொல்கூடத் தேவையில்லை. எவ்வளவு எளிமை பாருங்கள்!

தாச் இதைச் சோதித்தும் பார்த்தார். எட்வர்ட் ஓஹேர் தலைமையில் நான்கு விமானங்களைத் தாக்க வைத்து, தம் பக்கத்து நான்கின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டார். அப்படியும் ஓஹேரால் வசதியாகக் குறிவைக்க முடியவில்லை.

1942 ஜூன் 4, மிட்வே கடற்போர். தாச்சிடம் ஆறே விமானங்கள். ஒன்று தொடக்கத்திலேயே வீழ்ந்தது. அவருடைய ஜோடிக்காரருக்கு இந்த முறையில் பயிற்சி இல்லை, ரேடியோவும் வேலை செய்யவில்லை. ஆகவே டிப் என்ற இளைஞரை விலகிப் பறக்கச் சொன்னார். டிப்பின் பின்னால் ஒரு ஜீரோ ஒட்டிக்கொண்டது. டிப் தாச்சை நோக்கித் திரும்பினார்; தாச் அவருக்குக் கீழே புகுந்து சுட்டார். ஜீரோ தீப்பற்றியது.

ஆனால் அவர்கள் காவலுக்குச் சென்ற 12 டார்பிடோ விமானங்களில் ஒன்றுகூடக் கப்பலில் வந்து இறங்கவில்லை. காவலுக்கு ஆறு விமானங்கள் போதவில்லை. சக விமானி ஜேம்ஸ் பிளாட்லி இந்த முறைக்குத் தாச்சின் பெயரையே சூட்டினார். பிறகு மற்றப் படைப்பிரிவுகளும் அதைக் கற்றுக்கொண்டன.