வீட்டில் ஒலித்த வானொலியும் காதில் ஒலிக்கும் வலையொலியும்

(மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பாட்காஸ்ட் என்பதைத் தமிழில் வலையொலி என்கிறார்கள். 2004-இல் பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் லண்டன் கார்டியன் நாளிதழில் எழுதியபோது உண்டான பெயர். ஒருவர் பேசிப் பதிவு செய்து இணையத்தில் வைக்கிறார். நாம் போனில் இறக்கி, வேண்டியபோது கேட்கிறோம். அவ்வளவுதான் சங்கதி.

இதில் அப்படி என்ன ஈர்ப்பு? வானொலி நம்மைக் காக்க வைத்தது. தமிழோசை என்று நாம் அறிந்த பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941-இல் தொடங்கி, 2017 ஏப்ரலில் சிற்றலையில் நின்றது. அந்த நேரத்துக்குப் பெட்டியைத் திருகாவிட்டால் அன்றைய செய்தி போனதுதான். பிறகு வந்த தனியார் எஃப்.எம். நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதியில்லை, பாட்டும் அரட்டையும்தான். வலையொலியோ நமக்காகக் காத்திருக்கிறது. மாவு பிசையும்போது கேட்கலாம். பிள்ளை அழுதால் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புத்தகம் கையையும் கண்ணையும் சேர்த்துக் கேட்கும். இதற்குக் காது போதும்.

"கேட்பதெல்லாம் படிப்பாகுமா?" என்று சில வாலிபர்கள் நையாண்டி செய்கிறார்கள். நம் முன்னோர் வீடுகளில் சீறாப்புராணத்தையும் கிஸ்ஸாக்களையும் முனாஜாத்துகளையும் ஒருவர் ஓத, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். தமிழெழுத்து தெரியாத பெண்கள் பலர் அரபுத்தமிழில் வாசித்தார்கள். அதுவும் வராதவர்களுக்குக் காதுதான் பள்ளிக்கூடம். வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தப்பட்ட உங்கள் உம்மம்மா, சர்க்கரை நோயைப் பற்றியும் வங்கிக் கணக்கைப் பற்றியும் வேறு எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? அவருக்கு இது பெரிய நிஃமத்.

ஆனால் அன்று ஒருவர் ஓதப் பலர் கேட்டார்கள். வானொலியும் கூடத்தில் இருந்தது; வீடே கேட்டது. இன்று ஒரே வீட்டில் நான்கு பேர், நான்கு இயர்போன்.

எங்கள் தெருவில் ஒரு தாயார், கஷாயம் குடித்தால் போதும் என்று யாரோ பேசியதைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டார். தலைசுற்றி விழுந்த பிறகுதான் வீட்டாருக்கு விஷயமே தெரிந்தது. கூடத்தில் ஒலித்திருந்தால் மருமகளாவது, "மாமி, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம்" என்றிருப்பாள். புத்தகத்தில் எழுதியவர் பெயர் இருக்கும். சந்தேகம் வந்தால் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம். காதில் விழும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. குரல் இதமாக இருந்தால் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும் என்று மனம் ஒப்பிவிடுகிறது. வானொலியில் வாசிப்பதற்கு முன் சரிபார்க்க ஓர் ஆசிரியர் குழு இருந்தது. இங்கே மைக் வைத்திருப்பவர் எவரும் பேசலாம்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. இரண்டு மணி நேரம் கேட்கிற பிள்ளை, செய்தித்தாளில் அரைப்பக்கம் வாசிக்கத் திணறுகிறது. பரீட்சையைக் காதால் எழுத முடியாது.

கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் கேட்கிறேன். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு அரைமணி நேரம் இயர்போனைக் கழற்றிவிட்டு, நல்லதாக ஒன்றை எல்லோருக்கும் கேட்கும்படி வையுங்கள். முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுங்கள். மருந்து, பணம், மார்க்கச் சட்டம் என்று வந்தால் பேசியவர் யார், என்ன படித்தவர் என்று குறித்துக்கொண்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு முடிவெடுங்கள். உங்களுக்கு எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அவனும் நாலு வரி தமிழ் எழுதின மாதிரி இருக்கும்.