புத்தாண்டும் ஆக்கபூர்வமான பணி நோக்கும்

(புத்தாண்டையொட்டி அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் நிகழ்த்தப்பெற்ற உரை)

அரசு அலுவலகங்களுக்கு ஓராண்டில் இரண்டு தொடக்கங்கள் உண்டு. ஜனவரி 1ஆம் நாள் நாட்காட்டி மாறுகிறது. ஏப்ரல் 1ஆம் நாள் கணக்கேடு மாறுகிறது. ஆனால் மேசை மீது தேங்கியுள்ள கோப்பு இவ்விரு நாட்களிலும் தானாக நகர்வதில்லை. அதனைக் கையாளுவோரின் மனப்பாங்கு மாறினாலன்றி, புத்தாண்டு வாழ்த்து வெறும் சடங்காகவே முடியும்.

ஆக்கபூர்வமான மனப்பாங்கு என்பது பல வேளைகளில் தவறாகப் பொருள் கொள்ளப்படுகிறது. யாவும் செவ்வனே நடைபெறுவதாக மேலிடத்திற்கு அறிக்கை அனுப்புவதும், குறைகளைக் குறிப்பிடாது விடுவதும் அதன் அடையாளங்களாகக் கருதப்படுகின்றன. உண்மை இதற்கு நேர்மாறானது என்பதற்கு, இந்தியாவில் பெரியம்மை ஒழிக்கப்பட்ட வரலாறே தக்க சான்றாகும்.

பெரியம்மை ஒழிப்புக்கான தேசியத் திட்டம் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கோடிக்கணக்கான மக்களுக்கு அம்மை குத்தப்பட்டது. எனினும் நோய் அகலவில்லை. அதற்கான காரணங்களுள் ஒன்று அச்சம். தம் பகுதியில் நோய் கண்டதாக அறிவித்தால் பழி தம்மையே சாரும் என்று அஞ்சிய பலர், நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினர். ஏட்டில் குறைந்த நோய் ஊரில் பரவியது.

1973ஆம் ஆண்டு இறுதியில் பணி முறை மாற்றப்பட்டது. சுகாதாரப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று நோயாளிகளைத் தேடினர். நோய் கண்ட இடத்தைச் சுற்றியுள்ள அனைவருக்கும் அம்மை குத்தினர். முதல் தேடலிலேயே, ஏடுகளில் இடம்பெறாத ஆயிரக்கணக்கான நோயாளிகள் கண்டறியப்பட்டனர். 1974ஆம் ஆண்டில் பதிவான எண்ணிக்கை 1,80,000ஐத் தாண்டிற்று. பீகார் மாநிலம் பெரிதும் பாதிக்கப்பட்டது. திட்டம் தோற்றுவிட்டதென்றும், பழைய முறைக்கே திரும்ப வேண்டுமென்றும் குரல்கள் எழுந்தன. ஆனால் எண்ணிக்கை உயர்வதற்குத் தேடல் கூர்மையடைந்ததும் ஒரு காரணம் என்பதைக் களப்பணியாளர்கள் உணர்ந்திருந்தனர். நோய் இருக்குமிடத்தைத் தெரிவிப்போருக்குப் பரிசும் வழங்கப்பட்டது. மறைக்கப்பட வேண்டியதாக இருந்த செய்தி, வரவேற்கப்படும் செய்தியாயிற்று. 1975ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின் இந்தியாவில் பெரியம்மை பரவவில்லை. 1977ஆம் ஆண்டு பன்னாட்டு ஆணையம் இதனை உறுதி செய்தது.

இவ்வரலாறு தரும் படிப்பினை எல்லா அலுவலகங்களுக்கும் பொருந்தும். முதியோர் ஓய்வூதியம் கோரும் ஒருவரின் மனு, சிறு சான்று ஒன்று இல்லாமையால் ஆறு மாதம் உறங்கக் கூடும். நிலுவைப் பட்டியலில் அது இடம்பெறாவிடில், அம்முதியவரின் பசியும் எவர் கணக்கிலும் இடம்பெறாது. ஆகவே புத்தாண்டின் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிரிவும் தன் நிலுவையைக் காலவாரியாக எண்ணிப் பார்த்தல் நலம். மனுவில் உள்ள குறைகளைத் தவணை முறையில் கேளாது, ஒரே கடிதத்தில் தெரிவிப்பது அடுத்த படியாகும்.

இதில் மேலதிகாரியின் பொறுப்பே பெரிது. நிலுவையை உள்ளபடி காட்டும் எழுத்தருக்குக் கண்டனக் குறிப்பாணை கிடைக்குமாயின், அடுத்த திங்களில் அவர் உண்மையைக் காட்டமாட்டார். “தவறு எவருடையது?” என்பதற்கு முன், “தடை எங்குள்ளது?” என்று வினவும் தலைமையின் கீழ்தான் ஊழியரிடம் ஊக்கம் பிறக்கும். காலிப் பணியிடங்களையும் கருவிக் குறைவையும் மனவுறுதி ஒன்றே ஈடு செய்துவிடாது. அவற்றையும் எடுத்துரைப்பது அலுவலரின் கடமை. செவிமடுத்து ஆவன செய்வது தலைமையின் கடமை.

நாளை அரசுப் பணியில் சேரவிருக்கும் மாணவர்களும் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். 1974ஆம் ஆண்டின் கோடையில், உயர்ந்துகொண்டே சென்ற எண்ணிக்கையைக் கண்டு மனந்தளராது அடுத்த வீட்டின் கதவைத் தட்டிய பணியாளரின் நம்பிக்கையே, புத்தாண்டில் ஒவ்வோர் அலுவலகமும் ஏற்கத்தக்க நம்பிக்கையாகும்.