காசு கொடுத்து வாங்கும் வெயில்



நாம் வெயிலைக் கண்டால் குடையை விரிக்கிறோம். குளிர் நாடுகளில் பலர் காசு கொடுத்து வெயிலை வாங்குகிறார்கள். அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. உள்ளே ஆள் நீளத்துக்கு ஒரு படுக்கை. மேலும் கீழும் குழல் விளக்குகள். கண்ணுக்கு மூடி போட்டுப் படுத்தால், புற ஊதாக் கதிர் பட்டு வெளிர்நிறத் தோல் மாநிறமாகிறது.

அதை அழகு என்கிறார்கள். உண்மையில் அது காயத்தின் அடையாளம். ஆமாம், காயம்தான். அடிபட்ட தோல், கருநிறமியைச் சுரந்து தனக்குத்தானே குடை பிடிக்கிறது.

மொட்டைமாடிக் கொடியில் ஒரே சேலையைத் தினமும் வெயிலில் போடுங்கள். முதலில் சாயம் வெளுக்கும். பிறகு நூலே இற்றுப்போகும். தோலுக்குள்ளும் நார் உண்டு. அதுவும் இற்று, சுருக்கம் விழுகிறது. அதோடு நிற்பதில்லை, புற்றுநோயும் வருகிறது.

மெல்போர்னில் கிளேர் ஆலிவர் என்ற இளம்பெண், 'இந்தப் படுக்கை வேண்டாம்' என்று சாகும் தறுவாயிலும் ஊருக்கெல்லாம் சொன்னார். 2007-ல் தோல் புற்றுநோயால் இறந்தார். வயது 26தான். 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை இருக்கும் அதே புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் இந்தப் படுக்கையையும் சேர்த்தது. அதே ஆண்டு பிரேசில் இதற்குத் தடை போட்டது. இன்று ஆஸ்திரேலியாவின் எந்த மாநிலத்திலும் இந்தக் கடை நடத்த அனுமதி இல்லை.