முன்மொழிவது வேறு, இடம் கிடைப்பது வேறு: அமெரிக்க ராணுவ அகாடமிக்கு விண்ணப்பிக்கும் பேரப்பிள்ளைகளுக்காக

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். டீ வருவதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்று செயலாளர் எனக்குக் கெடு வைத்திருக்கிறார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குடியிருப்பில் பாதி வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்த பேரன், பேத்திகள் இப்போது பள்ளி மேல்வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் சிலர், "தாத்தா, நான் வெஸ்ட் பாயிண்டில் சேரப் போகிறேன்" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். சமீபத்தில் இரண்டு பேர் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அதுக்கு அந்த ஊர் எம்.பி. லெட்டர் வேணுமாமே, உங்களுக்கு அங்கே யாரையாவது தெரியுமா?"

என் பேத்தி இந்த வழியில் போய் வந்தவள் என்பதால் என்னைக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்தான் இன்றைய பேச்சின் சாரம்: யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். தெரிந்திருந்தாலும் பயன் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'காங்கிரஸ் நாமினேஷன்' என்றதும் நமக்குக் கட்சிதான் ஞாபகம் வரும். அங்கே காங்கிரஸ் என்பது பாராளுமன்றம். பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்கள், செனட்டில் மாநிலத்துக்கு 2 பேர் வீதம் 100 பேர். உங்கள் பேரன் எந்தத் தொகுதியில் குடியிருக்கிறானோ அந்தத் தொகுதி உறுப்பினர் ஒருவர், அந்த மாநிலத்தின் செனட்டர்கள் இருவர், ஆக மூன்று பேரிடம் அவன் விண்ணப்பிக்கலாம். தரைப்படை, கடற்படை, விமானப்படை அகாடமிகளுக்குத் துணை ஜனாதிபதியிடமும் விண்ணப்பிக்கலாம். அது நாடு முழுவதற்கும் பொது என்பதால் போட்டி மிகக் கடுமை. ஜனாதிபதி பெயரிலும் ஒரு வழி உண்டு. அது ராணுவத்தில் நெடுங்காலம் பணியாற்றுவோரின் பிள்ளைகளுக்கானது.

எந்தக் கல்லூரிகளுக்கு இது தேவை? நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்டில் 1802இல் தொடங்கிய ராணுவ அகாடமி, மேரிலாந்தின் அனாபொலிஸில் 1845இல் தொடங்கிய கடற்படை அகாடமி, கொலராடோவில் 1954இல் நிறுவப்பட்ட விமானப்படை அகாடமி, நியூயார்க்கின் கிங்ஸ் பாயிண்டில் இருக்கும் வணிகக் கப்பல் அகாடமி. இந்த நான்குக்கும் நாமினேஷன் வேண்டும். கனெக்டிகட்டில் கடலோரக் காவல்படை அகாடமி ஒன்று இருக்கிறது. அதற்கு மட்டும் வேண்டாம், நேரடியாக விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

சரி, நாமினேஷன் என்றால் என்ன? நம் சங்கத் தேர்தலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுந்து "இன்னார் பெயரை முன்மொழிகிறேன்" என்கிறார். முன்மொழிந்ததாலேயே அவர் தலைவர் ஆகிவிடுவதில்லை. ஆனால் யாரும் முன்மொழியாவிட்டால் அவர் போட்டியிலேயே இல்லை. நாமினேஷனும் அப்படித்தான்.

முப்படை அகாடமிகளில், ஒவ்வோர் உறுப்பினரின் கணக்கிலும் ஒரு சமயத்தில் ஓர் அகாடமியில் 5 பேர் வரை படிக்கலாம். ஒருவர் பட்டம் பெற்று வெளியேறினால் இடம் காலியாகும். அந்த ஓர் இடத்துக்கு உறுப்பினர் பல பெயர்களை அனுப்புவார். சிலர் "முதலில் இவர், பிறகு இவர்" என்று வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். பலர் வரிசை எதுவும் சொல்லாமல் அனுப்பி, தேர்வை அகாடமியிடமே விட்டுவிடுவார்கள். இப்படித் தொகுதிவாரியாகப் பிரித்திருப்பதால், அதிகாரிகள் ஒரே வட்டாரத்திலிருந்து வராமல் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள்.

நம்மவர்களுக்கு இதைக் கேட்டதும் கேந்திரிய வித்யாலயா எம்.பி. கோட்டாதான் நினைவுக்கு வருகிறது. எம்.பி. வருடத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்யலாம் என்று இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். அது சிபாரிசு. இது போட்டி. பழைய காலத்தில் அங்கேயும் வேண்டியவர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிற வழக்கம் இருந்தது. இன்று பெரும்பாலான அலுவலகங்களில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள், ஆசிரியர்கள், ஊர்ப் பெரியவர்கள் கொண்ட குழு உட்கார்ந்து நேர்காணல் நடத்துகிறது. பெற்றோர் எந்தக் கட்சிக்கு நன்கொடை கொடுத்தார்கள் என்று அந்தக் குழு கேட்பதில்லை. இங்கே ஒரு முக்கியமான செய்தி: பெற்றோருக்கு ஓட்டுரிமை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்பா, அம்மா இன்னும் ஹெச்-1பி விசாவில் இருந்தாலும், பிள்ளை அங்கே பிறந்த குடிமகன் என்றால் விண்ணப்பிக்கலாம்.

மாறாக, இங்கே பிறந்து சின்ன வயதில் போன பிள்ளைக்குக் கிரீன் கார்டு மட்டும் இருந்தால் போதாது. சேரும்போது குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். வயது 17 நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பும் உண்டு. திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பெண்களுக்கு இடம் உண்டா என்று ஒரு மாமி கேட்டார்கள். 1976 முதல் பெண்களைச் சேர்க்கிறார்கள்.

இனி காலக்கணக்கு. இதில்தான் நிறையக் குடும்பங்கள் தடுமாறுகின்றன. இரண்டு விண்ணப்பங்கள் தனித்தனியாக, ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒன்று அகாடமிக்கு; இன்னொன்று நாமினேஷனுக்கு.

பதினோராம் வகுப்பின் இரண்டாம் பாதியில், அதாவது ஜனவரி, பிப்ரவரியிலேயே, அகாடமியின் ஆரம்ப விண்ணப்பத்தை நிரப்பலாம். அதே வசந்தகாலத்தில் மூன்று உறுப்பினர் அலுவலகங்களின் இணையதளங்களையும் பார்த்துத் தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனி படிவம், தனி கெடு. பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய சில வாரங்களில், செப்டம்பர் முதல் நவம்பருக்குள், கெடு முடிந்துவிடும். பிறகு நேர்காணல். உறுப்பினர்கள் ஜனவரி 31க்குள் பெயர்களை அனுப்பிவிடுவார்கள். கெடு தவறினால் அந்த வருடம் அவ்வளவுதான்.

மதிப்பெண் பட்டியல், எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. மதிப்பெண், ஆசிரியர்களின் கடிதங்கள், ஒரு கட்டுரை, இவை பொதுவாகக் கேட்கப்படும். மூன்று பேரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். "ஒருவரிடம் கேட்டால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார்" என்ற கவலையே வேண்டாம். எல்லோரிடமும் கேளுங்கள் என்று அந்த அலுவலகங்களே சொல்கின்றன.

படிப்பு மட்டும் போதாது. உடல்தகுதித் தேர்வு இருக்கிறது. மண்டியிட்டுக் கூடைப்பந்தை எறிய வேண்டும், கம்பியைப் பிடித்து உடலை மேலே இழுக்க வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும், ஒரு மைல் ஓட வேண்டும். பரீட்சைக்கு முந்தின வாரம் படிப்பதுபோல இதற்குத் தயாராக முடியாது. ஒரு வருடப் பழக்கம் தேவை. மருத்துவப் பரிசோதனையும் கறாரானது. 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் அது தடையாக வரும். சில குறைகளுக்கு விலக்கு தருவார்கள். ஆனால் மறைப்பதற்கு விலக்கு கிடையாது. "அந்த இன்ஹேலரைப் பற்றிச் சொல்லாதே" என்று தயவுசெய்து நாம் போனில் யோசனை சொல்ல வேண்டாம். உண்மையைச் சொல்வதுதான் அங்கே முதல் பாடம். பொய் சொல்லமாட்டேன், ஏமாற்றமாட்டேன், திருடமாட்டேன், அப்படிச் செய்பவரைச் சகித்துக்கொள்ளவும் மாட்டேன் என்பது வெஸ்ட் பாயிண்டின் கௌரவ விதி.

கட்டுரையும் அப்படித்தான். நம் வீடுகளில் ஆர்வம் அதிகம். அப்பா ஒரு வரி, அத்தை ஒரு வரி என்று சேர்த்துக் கடைசியில் பிள்ளையின் குரலே அதில் இருக்காது. நேர்காணலில் அந்தப் பெரியவர்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏன் அதிகாரியாக விரும்புகிறாய் என்று அவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். "படிப்புச் செலவு இல்லை" என்பது அதற்குப் பதில் ஆகாது.

செலவு இல்லை என்பது உண்மைதான். முப்படை அகாடமிகளில் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசு தருகிறது. மாதாமாதம் ஒரு தொகையும் உண்டு. நான்கு வருடத்தில் பி.எஸ். பட்டம். ஆனால் அதற்கு ஈடாக, பட்டம் பெற்ற பின் குறைந்தது 5 வருடம் அதிகாரியாக முழுநேரப் பணி செய்ய வேண்டும். அந்த 5 வருடத்தில் போர் வந்தால் போக வேண்டும். இதைப் பேசாமல் மற்ற எல்லாவற்றையும் பேசுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு வருடத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் கடமைப்பாடு இல்லாமல் விலகலாம். மூன்றாம் வருடம் தொடங்கும்போது கையெழுத்துப் போட்டால் அது உறுதிமொழி. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

நாம் இங்கே இருந்துகொண்டு என்ன செய்யலாம்? மூன்று விஷயங்கள்.

ஒன்று, ஓ.சி.ஐ. அட்டை. வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றுவோருக்கும் ஓய்வுபெற்றோருக்கும் ஓ.சி.ஐ. கிடையாது என்பது நம் அரசின் விதி. உங்கள் பேரனிடம் ஏற்கெனவே அட்டை இருந்தால், சேருவதற்கு முன் இந்தியத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறச் சொல்லுங்கள். அங்கே அதிகாரி ஆன பிறகு இங்கே கல்யாணத்துக்கு வர வேண்டுமானால் விசா, மேலதிகாரி அனுமதி இரண்டும் தேவைப்படும். கடைசி நேரத்தில் தெரிந்தால் மனவருத்தம்.

இரண்டு, பின்னணி விசாரணை. அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கான படிவத்தில் வெளிநாட்டு உறவினர்கள் விவரம் கேட்பார்கள். நம் பெயர், பிறந்த தேதி, முகவரி, பார்த்த வேலை ஆகியவற்றைக் கேட்டு மகளோ மகனோ போன் செய்தால் பதற வேண்டாம். ஆவணங்களில் உள்ளபடியே சரியாகக் கொடுங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து என்று இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் கடினம். பயம் நமக்கு இருக்கும், இருக்கத்தான் செய்யும். அதைப் பிள்ளையின் தலையில் ஏற்றாமல் கேள்வியாக மாற்றுங்கள். "உனக்கு ஏன் இது வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் பதிலைக் கேளுங்கள். நேர்காணலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. சேர்ந்த முதல் கோடையில் சில வாரங்கள் போன் கையில் இருக்காது. தினசரி வீடியோ கால் கிடையாது. கடிதம் எழுதலாம். நம் தலைமுறைக்குத் தெரிந்த கலை அது. சாப்பாட்டைப் பற்றியும் கவலை வேண்டாம். களப்பயிற்சியில் தருகிற பொட்டல உணவில்கூடச் சைவ வகை இருக்கிறது.

கடைசியாக, என் பேத்திக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாமினேஷன் கிடைத்தது. அகாடமியில் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள்தான் முதலில் எழுந்தாள். நேர்காணலிலேயே "இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்களாம், பதிலை அன்றே யோசித்து வைத்திருந்தாள். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் ஆர்.ஓ.டி.சி. பயிற்சியோடு பொறியியல் படிக்கிறாள். அந்த வழியில் முடித்தாலும் அதே செகண்ட் லெப்டினன்ட் பதவிதான். அடுத்த வருடம் மறுபடி அகாடமிக்கு விண்ணப்பிக்கிறவர்களும் உண்டு, சேருகிறவர்களும் உண்டு. ஆகவே இரண்டாவது வழியை ஆரம்பத்திலேயே திறந்து வையுங்கள். அது தோல்விக்கான ஏற்பாடு இல்லை. அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே என்ன வேண்டும் என்பதற்கான சோதனை. கட்டடமும் சீருடையும் மட்டும்தான் வேண்டுமா, அந்த வேலையே வேண்டுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

இந்த வருடம் யார் வீட்டுப் பிள்ளையாவது பதினோராம் வகுப்பில் இருந்தால் இன்றைக்கே போனில் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: உங்கள் தொகுதி உறுப்பினர் யார், செனட்டர்கள் யார் என்று பார்; அவர்களின் கெடு தேதிகளைக் காலண்டரில் எழுது. மீதியை அந்தப் பிள்ளையே செய்ய வேண்டும். செய்யட்டும்.

டீ வந்துவிட்டது. கேள்வி இருந்தால் டீயோடு பேசலாம்.